38 இஞ்ச் நடைபாதையும் 14 வாக்குறுதியும்: ஒரு வார்டு வேட்பாளரோட கதை

முதல் நோட்டீஸ்ல 14 வாக்குறுதி இருந்துச்சு, கடைசியா அச்சடிச்சதுல மூணே மூணு. அந்த 14 எப்படி மூணாச்சுங்கறதுதான் இங்க எழுதப் போறது. 2022 பிப்ரவரி 19ல நடந்த சென்னை மாநகராட்சி எலக்‌ஷன்ல, தென்சென்னை ஓரத்துல ஒரு வார்டுல சுயேச்சையா நின்ன ஒரு அக்காவுக்கு கூடமாட இருந்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்தது நான். பேரு, வார்டு நம்பர் ரெண்டுமே சொல்லல, அவங்க வேணாம்னுட்டாங்க. தையல் கடை வெச்சிருக்காங்க, பிளவுஸ், சுடிதார், ஸ்கூல் யூனிஃபார்ம். மாமா ஷேர் ஆட்டோ ஓட்டறாரு. அரசியல்னா அதுவரைக்கும் அவங்களுக்கு தெருவுல லைட் எரியலன்னா மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் போடறதுதான்.

கொஞ்சம் பின்னணி சொல்லிடறேன். 2011ல சென்னை மாநகராட்சிய 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426க்கு பெருசாக்குனாங்க, 155 வார்டு 200 ஆச்சு. எங்க ஏரியா அப்போ உள்ள வந்ததுதான். அதுக்கு முன்னாடி பஞ்சாயத்து, பேரூராட்சி, நகராட்சின்னு இருந்த ஊருங்க எல்லாம் ஒரே ராத்திரில சென்னை ஆயிடுச்சு, வரி சென்னை வரி, ஆனா தண்ணி லாரி தண்ணிதான். அந்த 2011 கவுன்சில் 2016 அக்டோபரோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு மேல கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி ஆட்சி. 2019ல ஊர் ஏரியெல்லாம் வத்தி ஜோலார்பேட்டைலருந்து ரயில்ல தண்ணி வந்ததும், 2020ல கொரோனா வந்ததும், 2021 நவம்பர்ல மழை அடிச்சு ஊத்துனதும் எல்லாமே கவுன்சிலர் இல்லாத காலத்துலதான். அதனால 2022 எலக்‌ஷன் வந்தப்போ சின்னப் பசங்களுக்கு கவுன்சிலர்னா என்ன வேலைன்னே தெரியாது. உண்மையச் சொன்னா எனக்கும் தெரியாது.

அந்த 14ல என்னெல்லாம் இருந்துச்சு தெரியுமா? வேளச்சேரி–பரங்கிமலை பறக்கும் ரயில முடிச்சுக் கொடுப்பேன், ஏரிய தூர்வாருவேன், மூணு மாடிக்கு மேல கட்ட விட மாட்டேன், தினமும் குழாய்ல தண்ணி, மினி பஸ், சோலார் தெருவிளக்கு, வீட்டுக்கு ஒரு மரம், இன்னும் என்னென்னவோ. நாந்தான் எழுதினேன், இப்போ படிச்சா எனக்கே சிரிப்பா இருக்கு. ‘நிலைத்த நகர வளர்ச்சி’ன்னு மேல ஒரு தலைப்பு வேற. அக்கா அத படிச்சுட்டு, “தம்பி, நிலைத்தன்னா என்னப்பா, நின்னு போயிடுச்சுன்னு நினைச்சுக்கப் போறாங்க”ன்னாங்க. தலைப்பு அன்னைக்கே போயிடுச்சு.

அப்புறம் ஒரு நாள் கடைய சாத்துனதுக்கப்புறம் கட்டிங் டேபிள்ல உக்காந்து ஒரு வேலை பண்ணோம். பிரவுன் பேப்பர்ல நடுவுல ஒரு கோடு, இந்தப் பக்கம் வாக்குறுதி, அந்தப் பக்கம் ‘யார் வீட்டுக் கதவு’. அதாவது இது நடக்கணும்னா யார் கதவ தட்டணும். பறக்கும் ரயிலா, அது ரயில்வே, மொத்தம் 5 கிலோமீட்டர் பாதைல ஆதம்பாக்கம் கிட்ட 500 மீட்டர் நில வழக்குல மாட்டி வருஷக்கணக்கா தொங்கிட்டு இருந்துச்சு, அதுல கவுன்சிலர் என்ன பண்ண முடியும், ஒண்ணும் முடியாது. பெரிய அடுக்குமாடிக்கு பர்மிஷன் சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். குடிதண்ணியும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர், அது 1978லருந்தே தனி வாரியம். ஏரி நீர்வளத்துறை, சதுப்பு நிலம் வனத்துறை, மெயின் ரோடு நெடுஞ்சாலைத்துறை, பஸ் எம்டிசி, டிரான்ஸ்ஃபார்மர் மின்வாரியம். எழுதி முடிச்சுப் பாத்தா 14ல ஒம்போது அடுத்தவங்க வீட்டுக் கதவு.

அரசியல் சட்டத்தோட 74வது திருத்தம்னு ஒண்ணு இருக்கு, 1993 ஜூன்லருந்து அமல்ல இருக்கறது. அதுல நகராட்சிங்களுக்கு கொடுக்கலாம்னு 18 வேலைய பட்டியல் போட்டிருக்காங்க, முதல் அயிட்டமே நகரத் திட்டமிடல்தான். ‘கொடுக்கலாம்’தான், ‘கொடுத்தே ஆகணும்’ இல்ல. சென்னைல மாஸ்டர் பிளான் போடறது சிஎம்டிஏ, ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2008ல வந்து 2026 வரைக்கும். அதுக்கு ஓட்டு போட்டு யாரையும் நாம தேர்ந்தெடுக்கறது இல்ல. இத அக்காகிட்ட சொன்னப்போ, “அப்போ கவுன்சிலர்னா சும்மா கல்யாணத்துக்கு வந்து மொய் வெச்சுட்டுப் போற ஆளா?”ன்னு கேட்டாங்க. கோவமாத்தான் கேட்டாங்க.

சும்மா இல்ல. மழைநீர் வடிகால், உள்தெரு ரோடு, தெருவிளக்கு, குப்பை, பார்க், நடைபாதை, மாநகராட்சி ஸ்கூல், இதெல்லாம் மாநகராட்சி கைலதான் இருக்கு. கவுன்சிலருக்குன்னு வார்டு நிதி சில பத்து லட்சம் உண்டு, மன்றக் கூட்டத்துல எந்திரிச்சு கேள்வி கேக்கலாம், மண்டலக் கூட்டத்துல சண்டை போடலாம், எல்லாத்துக்கும் மேல ஏஇ, ஜேஇன்னு மாநகராட்சி இன்ஜினியருங்க வேலை பாக்கற எடத்துல போய் நிக்கலாம். அந்த கடைசி விஷயத்தத்தான் யாரும் பெருசா எடுத்துக்கறதில்ல, அக்கா அதத்தான் கெட்டியா புடிச்சுக்கிட்டாங்க. “நான் கடைய தொறந்து வெச்சுட்டு நாள் பூரா தெருவுலதான உக்காந்திருக்கேன், எனக்கென்ன, நின்னா போச்சு.”

மீதி இருந்த அஞ்சுல சோலார் லைட்டும் மரமும் போச்சு. மரத்துக்கு நான் ரொம்ப சண்டை போட்டேன். அக்கா கேட்ட ஒரே கேள்வி, “போன வருஷம் நட்டு போட்டோ எடுத்தாங்களே, அதுல எத்தன இருக்கு?” கம்பி கூண்டு இருந்துச்சு, மரம் இல்ல. ஒரு கூண்டுல துணி காய வெச்சிருந்தாங்க.

இப்போ அந்த மூணுக்கு வரேன்.

முதல் வாக்குறுதி தண்ணி போற வழி. இதப் பத்தித்தான் நிறைய பேசணும், ஏன்னா எங்க ஏரியா மொத்தமுமே தண்ணி போற வழில உக்காந்திருக்கற ஊரு. தெற்கு புறநகர்ல முப்பதுக்கு மேல ஏரிங்க ஒண்ணுலருந்து ஒண்ணுக்கு வழிஞ்சு கடைசியா பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வரும், அங்கேர்ந்து ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்ஹாம் கால்வாய், அப்புறம் கோவளம் முகத்துவாரம், கடல். 1960கள்ல 5,000 ஹெக்டேருக்கு மேல இருந்த சதுப்பு இது. இன்னிக்கு வனத்துறை காப்பாத்தி வெச்சிருக்கறது 700 ஹெக்டேர் கிட்டதான். உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலங்களோட ராம்சார் பட்டியல்ல 2022லதான் சேந்துச்சு. நடுவுல ரோடு போச்சு, ஐடி பில்டிங் வந்துச்சு, ரயில்வே ஸ்டேஷன் வந்துச்சு, குப்பைக் கிடங்கு வந்துச்சு. வேளச்சேரி ஏரி 265 ஏக்கர் இருந்தது 55 ஏக்கர்னு சுருங்கிப் போச்சு, அதுல ஒரு பெரிய பங்க எடுத்ததும் வீட்டு வசதிக்குன்னு அரசாங்கமேதான்.

அக்கா பண்ணது என்னன்னா, அரசாங்க இ-சர்வீஸ் சைட்டுல எஃப்எம்பி, அதாவது நில அளவை வரைபடம் எடுக்கலாம்னு நான் சொன்னத வெச்சு, வார்டுல வருஷா வருஷம் தண்ணி நிக்கற தெருங்களோட சர்வே நம்பருக்கெல்லாம் ஒண்ணொண்ணா வரைபடம் எடுத்துப் பாத்தாங்க. பிரிண்ட் போட்டு கட்டிங் டேபிள்ல விரிச்சா, ரெண்டு தெரு இருக்கற எடத்துல ‘வாய்க்கால்’னு போட்டிருக்கு, ஒண்ணுல ‘வண்டிப்பாதை’. தண்ணிக்கு யாரும் பட்டா கொடுக்கல, அது பாட்டுக்கு பழைய பாதைலயே வந்துட்டு இருக்கு. அந்த பேப்பர் பாத்ததுக்கப்புறம் அக்கா தண்ணிய திட்டறத நிறுத்திட்டாங்க.

அடுத்து வடிகால். 2021 டிசம்பர் 30, ஞாபகம் இருக்கும், வானிலை ஆபீஸ் கூட எதிர்பாக்காம மத்தியானத்துல ஆரம்பிச்சு ஊத்துச்சே, அன்னைக்கு. கடை வாசல்ல முழங்காலுக்கு தண்ணி, மெஷின் ரெண்டையும் டேபிள் மேல ஏத்தி வெச்சாச்சு. மழை விட்டதும் அக்கா ஒரு செவப்பு வெட்டுத் துணிய நீளமா கிழிச்சு, நூல் கட்டி, கடை எதிர்ல மூடி இல்லாம கெடந்த வடிகால் குழில விட்டாங்க. மெயின் ரோடு பக்கம் போகணும், அங்கதான் வெளியேறணும். துணி கொஞ்ச நேரம் சுத்துச்சு, அப்புறம் மெதுவா திரும்பி உள்தெரு பக்கம் போக ஆரம்பிச்சுது. நாங்க நாலஞ்சு பேர் குனிஞ்சு நின்னு பாத்துட்டு இருந்தோம், யாரும் பேசல. மெயின் ரோட்டுல அப்புறமா கட்டுன கல்வெர்ட்டு (ரோட்டுக்கு அடில தண்ணி போற சின்னப் பாலம்) எங்க தெரு வடிகால விட மேல இருக்கு, அதான் விஷயம். எந்த காண்ட்ராக்ட், எந்த வருஷம், யாரு கையெழுத்துன்னு கேட்டா ஒவ்வொரு ஆபீஸும் இன்னொரு ஆபீஸ காட்டுச்சு. அதுக்குள்ள வேற ரெண்டு வீட்டு கழிவுநீர் பைப்பும் வடிகால்ல விட்டிருந்தாங்க. அதுல ஒருத்தர் எங்களோட குனிஞ்சு பாத்துட்டு இருந்தவரு.

சென்னைல மழைநீர் வடிகால் மொத்தம் 2,000 கிலோமீட்டருக்கு மேல இருக்குன்னு பெருமையா சொல்லுவாங்க. நீளம் இல்ல பிரச்சனை, சாய்வு. முடிவு எங்கேன்னு பாக்காம ஆரம்பத்துலருந்து கட்டிட்டு வந்தா வடிகால் இல்ல, அது நீளமான தொட்டி. எல்லா எடத்துலயும் வடிகால் நல்லதுன்னும் கிடையாது. ஈசிஆர் பக்கம் நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் மாதிரி மணல் ஏரியாங்கள்ல கோவளம் வடிநில வடிகால் திட்டம் வந்தப்போ ஜனங்களே வேணாம்னு பசுமை தீர்ப்பாயம் வரைக்கும் போனாங்க. மணல்ல தானா எறங்கி நிலத்தடி நீராகற தண்ணிய எதுக்கு சிமெண்ட் பெட்டில புடிச்சு கடல்ல விடறீங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. 2003லயே வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் போட்ட ஊரு இது, எங்க தெருவுல அந்த குழிங்கள்ல பாதில இப்போ துளசிச் செடி.

இன்னொரு சங்கதி ரோடு மட்டம். ஒவ்வொரு வாட்டியும் பழைய ரோட்டு மேலயே தார் போட்டு போட்டு வீட்டு வாசல் பள்ளமா ஆயிடுது. 2021 மே மாசம் அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய ரோட்ட சுரண்டிட்டுத்தான் புது ரோடு போடணும்னு எல்லா துறைக்கும் கடிதமே எழுதினாரு. ஆனா ரோடு போடறது ராத்திரி பதினொரு மணிக்கு, அப்போ யாரு போய் பாக்கறது. நோட்டீஸ்ல கடைசியா வந்த வரி இதுதான்: “சுரண்டாம ரோடு போட விடமாட்டேன், போடற ராத்திரி நானே நிப்பேன்.” அப்புறம் ரெண்டு வரி, அக்டோபருக்குள்ள எந்தெந்த தெருவுல தூர் எடுத்தாங்கன்னு கடைல போர்டு போடுவேன், வெளியேற வழி காட்டாம புது வடிகால் தோண்ட விடமாட்டேன். அவ்வளவுதான் முதல் வாக்குறுதி.

இங்க எங்களுக்குள்ள ஒரு பெரிய சண்டை நடந்துச்சு, அத மறைக்கக் கூடாது. ‘நீர்வழி ஆக்கிரமிப்புகளை அகற்றுவேன்’னு ஒரு வரி போடணும்னு நான் அடம் புடிச்சேன். ஊர்ல படிச்சவங்க எல்லாம் கேக்கற வரி அது. அக்கா முடியாதுன்னுட்டாங்க. “அகற்றுவேன்னு போட்டா முதல்ல யாரு வீட்ட இடிப்பாங்கன்னு உனக்கு தெரியும், எனக்கும் தெரியும். அந்த கண்ணாடி பில்டிங்கயா?” அவங்க வீடே வாய்க்கால் புறம்போக்குக்கு பத்தடி தள்ளித்தான். கூவம் ஓரமும் அடையாறு ஓரமும் இருந்தவங்கள வெள்ளத்துல மாட்டறாங்கன்னு சொல்லி தூக்கிட்டுப் போய் எங்க வெச்சாங்க? கண்ணகி நகர்லயும் பெரும்பாக்கத்துலயும், சதுப்பு நிலத்து ஓரத்துலயே, அங்கயும் மழைக்கு தண்ணி. வேலை ஒரு மூலைல, வீடு இன்னொரு மூலைல. அதனால அந்த வரி ‘வாய்க்கால்ல இனிமே புதுசா எதுவும் வர விடமாட்டேன்’னு ஆச்சு. அது கோழைத்தனம்னு அப்போ நினைச்சேன். இப்போவும் எனக்கு முழுசா ஒத்துப்போகல, இருக்கற அடைப்ப எடுக்காம தண்ணி எப்படி போகும்? ஆனா யாரு மேல முதல் அடி விழும்ங்கற கேள்விக்கு என்கிட்ட பதில் கிடையாது.

ரெண்டாவது குப்பை. இத சுருக்கமா சொல்லிடறேன், ஏன்னா இதுல அக்காவுக்கு பெருசா குழப்பமே இல்ல. சென்னைல ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல குப்பை, வடக்கு பக்கம் கொடுங்கையூருக்கு, தெற்கு பக்கம் பெருங்குடிக்கு. அப்போ பெருங்குடி கிடங்கு சதுப்பு நிலத்துக்குள்ளயே 225 ஏக்கர்ல கெடந்துச்சு. பிரிச்சுத்தான் கொடுக்கணும்னு 2016லயே ரூல் வந்தாச்சு. நடக்கறது என்னன்னா, வீட்டுல ரெண்டு வாளில பிரிச்சு வெப்பாங்க, பேட்டரி வண்டி வரும், வண்டில ரெண்டும் ஒண்ணா விழும், அத பாத்துட்டு அடுத்த நாள்லருந்து வீட்டுலயும் பிரிக்க மாட்டாங்க. அக்கா போட்ட வாக்குறுதி ரொம்ப சின்னது. வண்டிக்கு தடுப்பு தகடு, தெருவுக்கு ஒரு வீட்டுல கம்போஸ்ட் டிரம், தையல் கடைங்களோட வெட்டுத் துணிக்கு தனி மூட்டை. கடைசி அயிட்டம் சொந்த அனுபவம், ஒரு நாளைக்கு அவங்க கடைலயே அரை மூட்டை துணி வரும், அது மக்காத குப்பையா, மக்கற குப்பையான்னு யாருக்கும் தெரியாது, பாலியஸ்டரும் காட்டனும் கலந்து கெடக்கும். ஓட்டு எண்ணி ரெண்டு மாசத்துல, 2022 ஏப்ரல் 27ஆம் தேதி, பெருங்குடி கிடங்கு தீப்புடிச்சு நாள் கணக்கா எரிஞ்சுது. மாடில காயப்போட்ட துணியெல்லாம் புகை நாத்தம். அந்த வாரம் நாலு பேர் கடைக்கு வந்து, “நீங்க சொன்னது சரிதான்க்கா”ன்னுட்டு போனாங்களாம். ஓட்டு போட்டியான்னு அக்கா கேக்கல.

மூணாவது நடைபாதை. இதுதான் என் ஃபேவரிட். ரோட்டுக்கு தரம் வகுக்கற இந்திய சாலை காங்கிரஸ்னு ஒரு அமைப்பு இருக்கு (கட்சி இல்ல), அதோட தரப்படி நடந்து போக தடை இல்லாத அகலம் குறைஞ்சது 1.8 மீட்டர் வேணும். சென்னை மாநகராட்சியே 2014ல மோட்டார் இல்லாத போக்குவரத்துக்குன்னு கொள்கை கொண்டு வந்துச்சு, நடக்கறவங்களுக்கும் சைக்கிளுக்கும்தான் முதல் மரியாதைன்னு. பாண்டி பஜார்ல அழகா பண்ணாங்க, 2019ல தொறந்தாங்க, போய் பாத்தா கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா அது தி.நகர்.

அக்கா கழுத்துல தொங்கற இஞ்ச் டேப்ப எடுத்துட்டு கிளம்பிட்டாங்க. டேப் மொத்தமே 60 இஞ்ச். 1.8 மீட்டர்னா 71 இஞ்ச் வரும், அதாவது டேப் தீந்தாலும் நடைபாதை தீரக் கூடாது. பஸ் ஸ்டாப்புலருந்து ஸ்கூல் வரைக்கும் அளந்தோம், நான் நோட்டுல எழுதிட்டே வந்தேன். 44. 51. மின்வாரிய பில்லர் பாக்ஸ், அதான் தெருவோர கரண்ட் பெட்டி, அது கிட்ட 38. பேனர் கம்பத்துக்கு பக்கத்துல 22. ஒரு பெரிய வீட்டு வாசல்ல கார் ஏத்தறதுக்கு சாய்தளம் போட்டு நடைபாதையே காணோம், அங்க சைபர். ஒரு பாட்டி, கைல பையோட, எங்கள பாத்து நின்னு, “என்னம்மா, ரோட்டுக்கு ஜாக்கெட்டா?”ன்னு கேட்டாங்க. அந்த வாரம் பூரா வார்டுல அதான் பேச்சு. எந்த மைக் பிரசாரத்துக்கும் கெடைக்காத விளம்பரம், காசு செலவில்லாம.

கோடு போட்ட பேப்பர்ல ‘யார் வீட்டுக் கதவு’ன்னு பாத்தா நடைபாதைக்கு மாநகராட்சியேதான், பில்லர் பாக்ஸ் மட்டும் மின்வாரியம். அதனாலதான் இது மூணுல ஒண்ணா வந்துச்சு. இதோட கூட இன்னொண்ணும் ஒட்டிக்கிச்சு, ஓஎஸ்ஆர். 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற மனைல கட்டடம் கட்டறவங்க 10 சதவீத நிலத்த திறந்தவெளியா உள்ளாட்சிக்கு தானமா எழுதிக் கொடுக்கணும், அது பொது நிலம், எல்லாரும் போகலாம். எங்க வார்டுல ஒரு பெரிய அடுக்குமாடி வளாகத்துக்கு பக்கத்துல அப்படி ஒரு எடம், கேட்டு போட்டு, செக்யூரிட்டி உக்காந்து, ஊஞ்சல் வளாகத்து பிள்ளைங்களுக்கு மட்டும்னு ஆயிருந்துச்சு. எதிர் தெரு பசங்க கேட்டு மேல ஏறி பாத்துட்டு எறங்கிடுவானுங்க. அத எழுதிக் கொடுத்த பத்திரத்தோட நகல வாங்குனதுக்கே எங்களுக்கு மூணு வாரம். கைல வந்தப்புறம் அக்கா அந்த வளாகத்து சங்கத்துக்கிட்ட போய் சண்டை போடல, அங்க இருக்கற ரெண்டு கஸ்டமர் அம்மாங்ககிட்ட பிளவுஸ் டெலிவரி கொடுக்கும்போது காமிச்சாங்க. அவங்களுக்கே தெரியாது, மெயின்டனன்ஸ்ல அந்த பார்க்குக்கும் சேத்து காசு கட்டிட்டு இருந்திருக்காங்க.

பிரசாரம் எப்படிப் போச்சுன்னா, சுமார்தான். வீட்டு வாசல்ல போய் நின்னா கேக்கற முதல் கேள்வி பட்டா கெடைக்குமா, ரெண்டாவது லாரி எப்போ வரும். ரெண்டுமே எங்க நோட்டீஸ்ல இல்ல, ரெண்டுமே கவுன்சிலர் கைல இல்ல, அத வாசல்ல நின்னு விளக்கறதுக்குள்ள அவங்க கதவ சாத்திடுவாங்க. ஒரு பெரியவர் நோட்டீஸ திருப்பித் திருப்பி பாத்தாரு, “மூணுதானாம்மா? அவங்க முப்பது போட்டிருக்காங்களே”. அக்கா, “முப்பதுல எது நடக்கும்னு அவங்ககிட்ட கேட்டீங்களாய்யா?”ன்னாங்க. அவரு சிரிச்சாரு. ஓட்டு போட்டாரான்னு தெரியாது. என் தப்பு ஒண்ணு இங்க சொல்லியே ஆகணும், பட்டாவும் லாரியும் எங்களால முடியாதுங்கறத நோட்டீஸ்லயே நாலு வரில, எந்த ஆபீஸ் போகணும்னு போட்டிருக்கலாம். முடியாதுன்னு எழுதினா ஓட்டு போயிடும்னு நான் பயந்தேன்.

அன்னைக்கு சென்னைல ஓட்டு பதிவானதே 43 சதவீதம் சொச்சம், மாநிலம் பூரா 60 சதவீதம் தாண்டுனப்போ. 200 வார்டுல சுயேச்சைங்க ஜெயிச்சது 5. அக்கா மூணாவது வந்தாங்க. ரிசல்ட் அன்னைக்கு சாயங்காலமே கடைய தொறந்துட்டாங்க, ஒரு கல்யாண ஆர்டர் பாக்கி இருந்துச்சு.

தோத்ததோட முடிஞ்சிருந்தா இத எழுதவே வேண்டியதில்ல. 2022 ஜூன்ல வார்டு கமிட்டி, ஏரியா சபைக்கு விதிமுறை வந்துச்சு, நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னைக்கு ஊர் ஊரா ஏரியா சபை கூட்டம் போட்டாங்க. எங்க ஏரியா கூட்டம் ஒரு ஷாமியானா, நாப்பது சேர். அக்கா மிச்சமிருந்த நோட்டீஸ எடுத்துட்டுப் போய், சின்னம் இருந்த பக்கத்த மடிச்சுட்டு, மூணு வாக்குறுதி இருக்கற பக்கத்த ஜெயிச்ச கவுன்சிலர்கிட்ட கொடுத்தாங்க, “இத நீங்களே பண்ணுங்க சார், பேரு உங்களுக்கே”. எதிர்க்கட்சிக்காரங்க பண்ணற வேலையான்னு என் கூட இருந்தவன் கேட்டான். அந்த கவுன்சிலர் அந்த பேப்பர மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டாரு, பரவால்ல, தூக்கிப் போடல. ஆறு மாசம் கழிச்சு எங்க தெருவுல ரோடு போட்டப்போ சுரண்டற மெஷின் வந்துச்சு. ராத்திரி பன்னெண்டரை மணிக்கு அக்கா நைட்டிக்கு மேல துண்ட போட்டுக்கிட்டு திண்ணைல உக்காந்திருந்தாங்க, மாமா ஃபிளாஸ்க்ல டீ கொண்டு வந்து வேலை பண்ணறவங்களுக்கும் சேத்து ஊத்துனாரு. வடிகால் மட்டும் இன்னும் அப்படியேதான், கல்வெர்ட்டு அடுத்த துறையோடது.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 3, 4. ரெண்டே நாள்ல பல எடத்துல 40 சென்டிமீட்டருக்கு மேல. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் எல்லாம் போட்லதான் போனாங்க. எங்க தெருவுல இடுப்பளவு, நாலு நாள் கரண்ட் இல்ல. இந்த இடத்துல எங்க நோட்டீஸ நேர்மையா பாக்கணும்னா, முதல் வாக்குறுதி முழுசா நிறைவேறியிருந்தாலும் அன்னைக்கு தண்ணி நின்னிருக்கும். சதுப்பு நெறஞ்சு, ஒக்கியம் மடுவு நெறஞ்சு, கடலும் வாங்க மாட்டேன்னப்போ எங்க தெரு வடிகால் எந்தப் பக்கம் சாஞ்சிருந்தா என்ன? சாய்வு சரியா இருந்தா சாதாரண மழைக்கு மூணு மணி நேரத்துல வடியும், மிக்ஜாமுக்கு நாலு நாளுக்கு பதில் ரெண்டு நாள்ல வடிஞ்சிருக்கலாம், அவ்வளவுதான். நாங்க யோசிக்காமலே விட்டது, தண்ணி வந்துட்டா என்ன பண்ணறதுங்கறது. தரைத்தளத்துல தனியா இருக்கற வயசானவங்க யாரு, எந்த ஸ்கூல் மாடில தங்கலாம், பால் எங்க வரும், போன் சார்ஜ் எங்க. அந்த நாலு நாளும் அத அக்கா கைல இருந்த அளவு நோட்ட வெச்சுத்தான் பண்ணாங்க. யார் யாருக்கு பிளவுஸ் தெச்சாங்களோ அவங்க வீட்டு நம்பர், மாடி எல்லாம் அதுல இருக்கு, டெலிவரிக்காக எழுதி வெச்சது. எந்த வீட்டுல பாட்டி தனியா இருக்காங்கன்னு அந்த நோட்டுதான் சொல்லுச்சு.

ஓஎஸ்ஆர் கேட்டு இப்போ காலைல ஆறுலருந்து எட்டு, சாயங்காலம் நாலுலருந்து ஏழு தொறந்திருக்கு. பொது நிலம்னா முழு நாளும் தொறந்திருக்கணும், ஆனா பசங்க ஊஞ்சலுக்கு வரிசைல நிக்கறானுங்க, அதனால அக்கா அத அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டு வெச்சிருக்காங்க.

மறுபடி நிப்பீங்களான்னு போன மாசம் கடைக்குப் போனப்போ கேட்டேன். மெஷின்லருந்து தலைய தூக்காம, “அந்த பில்லர் பாக்ஸ தள்ளி வெச்சிருக்காங்க, பாத்தியா?”ன்னாங்க. பாக்கல. கழுத்துலருந்து டேப்ப உருவிட்டு வெளிய வந்தாங்க, நான் ஒரு நுனிய சுவத்தோட அழுத்திப் புடிச்சேன், அவங்க இன்னொரு நுனிய பாக்ஸ் வரைக்கும் இழுத்தாங்க. 52.

“இன்னும் 19 இஞ்ச்”னு சொல்லிட்டு டேப்ப மறுபடி கழுத்துல போட்டுக்கிட்டு உள்ள போயிட்டாங்க.